சுவிட்ச் வோல்டேஜைக் கட்டுப்படுத்துமா? கடலோர வீடுகளின் கரண்ட் கணக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரில் விசாரித்தாலும் கரண்ட் பற்றிய குறைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாயங்காலம் ஆனால் ஃபேன் ஊர்கிறது. ஃபிரிட்ஜ் உறுமிவிட்டு நின்றுபோகிறது. ஸ்டெபிலைசர் ராத்திரி முழுக்க டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டால் பெரும்பாலும் அவர் முதலில் திறப்பது சுவிட்ச் போர்டைத்தான். இரண்டு சுவிட்சை மாற்றிவிட்டுப் போவார். சில வீடுகளில் அதோடு குறை தீர்ந்துவிடும். பல வீடுகளில் மறுநாள் சாயங்காலமே பழைய கதை.

இது ராசி பார்த்து நடப்பதில்லை. சுவிட்சோ, கைக்குப் பதில் மின்சாரமே போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலேயோ வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் பிறந்தவை அல்ல. வந்து நிற்கும் வோல்டேஜை ஒரு வழியில் விடுவது, மறிப்பது, வேறு வழிக்குத் திருப்புவது, அவ்வளவுதான் அவற்றால் ஆகும். ஆனால் உப்புக் காற்றில் சில வருஷம் கிடந்த சுவிட்ச் தானே வோல்டேஜைத் தின்ன ஆரம்பித்துவிடும். முதல் வகை வீட்டில் சுவிட்சை மாற்றினால் பலன் தெரிந்ததற்குக் காரணம் அது. இரண்டாம் வகை வீட்டின் குறை தெருக்கோடியில் இருக்கிறது, போர்டுக்குள் இல்லை.

சுவிட்சை ஆஃப் செய்திருக்கும்போது அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே முழு 230 வோல்ட் நிற்கிறது, பல்புக்குப் பூஜ்யம். ஆன் செய்ததும் அப்படியே தலைகீழ். சுவிட்சின் குறுக்கே ஏறக்குறையப் பூஜ்யம், பல்புக்கு 230. இடைப்பட்ட நிலை என்று ஒன்று சுவிட்சுக்குக் கிடையாது. ஃபேன் ரெகுலேட்டரைப் பார்த்துத்தான் பலருக்குக் குழப்பம் வருகிறது. அது நிஜமாகவே ஃபேனுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கிறது. பழைய பெட்டி ரெகுலேட்டரில் தடைக் கம்பி இருந்தது, மிச்ச வோல்டேஜை வெப்பமாக்கி வீணடித்தது. இப்போதைய படிப்படியான ரெகுலேட்டரில் அந்த வேலையைக் கெப்பாசிட்டர்கள் செய்கின்றன, சூடு மிகக் குறைவு. அதற்குள்ளும் சுவிட்ச் உண்டு, ஆனால் எந்தக் கெப்பாசிட்டர் என்று தேர்ந்தெடுப்பதோடு அதன் பங்கு முடிந்தது.

சுவிட்ச் எப்போதும் கரண்ட் வரும் ஃபேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். அவசரத்தில், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் போட்டுவிட்டால் பல்பு ஒழுங்காக எரியும், அணையும். ஆனால் ஆஃப் செய்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பல்பு மாற்றும்போது அடி வாங்கியவர்கள் பலருடைய வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

சுவிட்ச் போடும்போது வரும் அந்த ‘டக்’ சத்தத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங், விரல் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் ஒரு கட்டத்தில் தானே பாய்ந்து தொடுமுனைகளைச் சட்டென்று பிரித்துவிடுகிறது. மெதுவாகப் பிரிந்தால் இடைவெளியில் தீப்பொறி நீண்டு நின்று உலோகத்தை உருக்கிவிடும். இந்த விரைவாகப் பிரிக்கும் சுவிட்சை 1884-இல் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் உருவாக்கினார். இன்றைய வீட்டு சுவிட்ச் வரை அதே யோசனைதான் ஓடுகிறது.

நம் வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரம் (ஏசி) என்பதால் தீப்பொறிக்கு இன்னொரு கடிவாளமும் உண்டு. 50 ஹெர்ட்ஸில் ஓடும் மின்னோட்டம் விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. அந்தப் பூஜ்யத்தில் பொறி அணைந்துவிடுகிறது. பேட்டரியிலிருந்தும் சோலார் பலகையிலிருந்தும் வரும் நேர்திசை மின்சாரத்தில் (டிசி) இந்தப் பூஜ்யமே கிடையாது. சின்ன ரிலே ஒன்றை எடுத்து அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படித்தால் விஷயம் விளங்கும். 10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி, அதே 10 ஆம்பியர் 30 வோல்ட் டிசி என்று போட்டிருக்கும். அதே தொடுமுனை, அதே இடைவெளி. ஏசியில் 250 வரை தாங்குவது டிசியில் 30-இல் நின்றுவிடுகிறது.

கடற்கரைக்கு இது வெறும் பாடம் இல்லை. படகில் பேட்டரி விளக்குக்கு வீட்டு சுவிட்சையே திருகி வைப்பது வழக்கம். 12 வோல்ட்டில் சின்ன விளக்கென்றால் பெரிய கேடு வராது. 24 வோல்ட்டில் கனமான விளக்கோ பம்போ ஓடினால் தொடுமுனை குழி விழுந்து கருகும். வீட்டு மாடியில் சோலார் வைத்தவர்கள்தான் அதிகம் யோசிக்க வேண்டியவர்கள். பலகைகளைத் தொடராகக் கோத்தால் 300 வோல்ட்டுக்கு மேலும் டிசி வரும். அந்த வயரில் சாதாரண வீட்டு சுவிட்சையோ, மின்னோட்டம் கூடினால் தானே விழும் வீட்டு எம்சிபியையோ போடுவது தீயைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குச் சமம். டிசி என்று குறித்த ஐசொலேட்டரும் (லைனை முழுதாகப் பிரிக்கும் சுவிட்ச்) எம்சிபியும் தனியாகக் கடையில் கிடைக்கின்றன, விலை கூடத்தான்.

சரி, உப்புக்கு வருவோம்.

கடல் நீரில் இருப்பது சாப்பாட்டு உப்பு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் காற்று அந்த அளவுக்குக் காய்வது அபூர்வம். ஆகவே சுவிட்சுக்குள் படிந்த கடலுப்புப் படலம் மழையே இல்லாத சித்திரை வெயிலிலும் ஈரமாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில்தானே துருப்பிடிக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. வாடைக் காலத்தில் வடகடல் பக்கம் கொந்தளித்து உப்புத் தூவும், கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் பக்கம். பாம்பன், தங்கச்சிமடம் போல இரண்டு கடலுக்கும் நடுவே இருக்கும் ஊர்களுக்கு வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து உப்பு வந்துகொண்டேதான் இருக்கும்.

அந்த ஈர உப்பில் பித்தளை முனை பச்சை பூக்கிறது, இரும்புத் திருகு துருவேறி வயரைப் பிடிக்கும் இறுக்கத்தை இழக்கிறது. நல்ல சுவிட்சின் தொடுமுனையில் வெள்ளிக் கலவை இருக்கும். கரையில் ஒதுங்கி அழுகும் பாசியிலிருந்து எழும் கந்தக வாயு அதையும் கருக்கச் செய்யும். சுவரில் பதிக்கிற இரும்புப் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சில வருஷத்தில் ஓரம் உதிர்ந்து, முகப்புத் தகட்டைப் பிடிக்கத் திருகுக்கு இடமில்லாமல் போகிறது. கடலோர வீட்டுக்கு இரும்புப் பெட்டி பரிந்துரைப்பவரை நான் நம்புவதில்லை. பிளாஸ்டிக் பெட்டி அழகு குறைவாக இருந்தால் இருக்கட்டும்.

இதனால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். சுவிட்சின் தொடுமுனையிலோ பிளக் பாயின்ட் திருகிலோ உப்பால் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இழக்கும் வோல்டேஜ் 4 வோல்ட் சொச்சம். 230 இருக்க வேண்டிய இடத்தில் 226. யாருக்கும் தெரியப்போவதில்லை, அடுப்பும் வழக்கம்போல் கொதிக்கும். ஆனால் அந்த 4 வோல்ட்டும் 8.7 ஆம்பியரும் சேர்ந்து அந்தக் குட்டி இடத்தில் 38 வாட் வெப்பத்தைக் கொட்டுகின்றன. செல்போன் ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் கருவி 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்று பிளாஸ்டிக் சுவிட்சுக்குள், சுவருக்குள், பார்வைக்குத் தெரியாமல் எரிகிறது.

பிளக் பாயின்ட்டைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறுவதும் மீன் வாடை போன்ற ஒரு நாற்றம் வருவதும் இந்த வெப்பத்தின் அடையாளங்கள். சூடேறிய பிளாஸ்டிக் உண்மையிலேயே அப்படித்தான் நாறும். மீன் வாடை பழகிப்போன ஊரில் அதை யார் சந்தேகப்படப்போகிறார்கள்! சூடானது சுவிட்சா, பிளக்கா, வயரா என்று பார்க்க மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். 6 ஆம்பியர் பாயின்ட்டில் அடுப்பைச் சொருகுவதும் இதே இடத்தில்தான் கொண்டுபோய்விடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3 ஆம்பியர், அதற்கு 6 ஆம்பியர் பாயின்ட் தாங்கும். அதற்கு மேல் போவதற்கெல்லாம் 16 ஆம்பியர்.

ரிலே என்பது கையால் போடாமல் மின்சாரத்தால் போடப்படும் சுவிட்ச். ஒரு காயில் (கம்பிச் சுருள்), அதன் முன்னால் ஸ்பிரிங்கில் நிற்கும் ஓர் இரும்புத் துண்டு, அதில் தொடுமுனை. காயிலில் மின்னோட்டம் பாய்ந்தால் இரும்பு இழுபட்டுத் தொடுமுனை மாறும், நின்றால் ஸ்பிரிங் திருப்பி இழுத்துவிடும். அமெரிக்க விஞ்ஞானி ஜோசஃப் ஹென்றி 1835-ஆம் ஆண்டுவாக்கில் செய்து பார்த்த இந்தத் தந்திரம் தந்திக் கம்பிகளில் வளர்ந்தது. இப்போது ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், தண்ணீர்த் தொட்டி கன்ட்ரோலர் என்று வீட்டில் எங்கே டக்கென்று கேட்டாலும் அநேகமாக அதுதான். 12 வோல்ட் ரிலேயின் காயில் 30 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், அரை வாட்கூட இல்லை. அதைக் கொண்டு 2000 வாட்டைத் திறந்து மூடலாம்.

லோ வோல்டேஜில் ரிலேவின் பெரிய அண்ணன் கான்டாக்டர் படும் பாட்டைத் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரில் கேட்கலாம். கான்டாக்டரின் காயில் ஒழுங்காக இழுக்க அதன் குறித்த வோல்டேஜில் 85 சதவீதமாவது வேண்டும். 230 வோல்ட் காயிலுக்கு அது சுமார் 195. அதற்குக் கீழே போனால் இரும்பு பாதி இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துக் கடகடவென்று ஆடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் தொடுமுனையில் தீப்பொறி. மோட்டார் கிளம்பும் சமயம் வேறு, அப்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் ஓடுகிறது. கொஞ்ச நாளில் தொடுமுனைகள் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. பூட்டிக் கிடந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு குடியேறி, தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கி, இழுத்த பிறகும் ஒரு ஃபேஸ் கிடைக்காமல் போவது இன்னொரு வகை வேடிக்கை. ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் காயில் எரியும் என்பதால்தான் அங்கே தனியாக ஒரு ரிலே வைக்கிறார்கள். நம் ஊரில் அதைச் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் என்பார்கள்.

ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் மாறத்தானே செய்கிறது, அதில் ரிலே இருக்கிறதே என்று கேட்கலாம். மாற்றுவது அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர். அதன் சுருளில் பல இடங்களிலிருந்து வயரை வெளியே எடுத்திருப்பார்கள், அதற்கு டேப் என்று பெயர். வரும் வோல்டேஜை ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பலகை அளந்து, எந்த டேப்பிலிருந்து எடுப்பது என்று ரிலேக்களுக்குச் சொல்கிறது. 180 வோல்ட் வந்தால் 1.2 மடங்கு தரும் டேப், வெளியே 216. வோல்டேஜ் இரண்டு டேப்புகளின் எல்லையில் ஊசலாடினால் ரிலேவும் ஊசலாடும். ராத்திரியெல்லாம் கேட்கும் டக் டக் அதுதான். மின்சாரம் போய் வந்ததும் ஃபிரிட்ஜ், ஏ.சி. ஸ்டெபிலைசர்கள் சில நிமிஷம் சும்மா இருப்பதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கம்பிரசருக்குள் அழுத்தம் சமமாக நேரம் கொடுக்கிறது.

ஆனால் இந்தக் கூட்டல் இலவசம் இல்லை. வெளியே 216 வோல்ட்டில் 7 ஆம்பியர் எடுத்தால், 180 வோல்ட் வரும் லைனிலிருந்து 8.4 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஸ்டெபிலைசர் தன் வீட்டு வோல்டேஜை உயர்த்த லைனில் மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. லைனில் மின்னோட்டம் கூடினால் லைனின் வோல்டேஜ் இன்னும் விழும். தெருவில் ஒருவர் வைத்தால் அவர் பிழைத்துக்கொள்வார். எல்லோரும் வைத்தால் எல்லோருடைய ஸ்டெபிலைசரும் இன்னும் பலமான டேப்புக்குத் தாவும், வைக்காத வீட்டு ஃபேன் இன்னும் மெதுவாகும். அந்த வீட்டுக்காரர் பக்கத்து வீட்டைத் திட்டுவதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

நிஜமாக வோல்டேஜைத் தீர்மானிக்கும் சுவிட்சும் ரிலேவும் துணைமின் நிலையத்தில் இருக்கின்றன. அங்கே பெரிய டிரான்ஸ்ஃபார்மரில், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப்பை மாற்றும் ஏற்பாடு உண்டு. வழக்கமாக ஒரு படிக்கு 1.25 சதவீதம். வோல்டேஜைக் கவனிக்கும் ரிலே ஒன்று அதை மேலே கீழே நகர்த்த முடியும். நம் ஸ்டெபிலைசர் அதன் சின்னப் பிரதிதான். அங்கிருந்து 11,000 வோல்ட்டில் கிளம்பும் லைன் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து 433 வோல்ட்டாக இறங்குகிறது. அது மூன்று ஃபேஸில் எந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கணக்கு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 250, அதுவும் சுமை இல்லாதபோது. வீட்டுக்கு வரும்போது 230-இலிருந்து 6 சதவீதம் வரை கூடலாம், குறையலாம் என்பது விதி. அதாவது 216-இலிருந்து 244 வரை.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் இது சரியாக இருக்கும். கடைசி வீட்டுக்கு வரும் வரை கம்பியே வோல்டேஜைத் தின்கிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 0.9 ஓம் தடை உள்ள கம்பி அரை கிலோமீட்டர் போய், நியூட்ரலும் அதே தூரம் திரும்பி வந்தால் மொத்தம் 0.9 ஓம். 40 ஆம்பியர் ஓடினால் 36 வோல்ட் வழியிலேயே காலி. கடற்கரைக் குடியிருப்புகள் ரோட்டிலிருந்து கரை வரை நீளமாக, ஒல்லியாக வளர்வதால் இந்தக் கடைசி வீடுகள் இங்கே நிறைய. மாவட்டத்துக்குள்ளேயே வழுதூரில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது, கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது, இருந்தும் எங்கள் தெருவில் ஏன் லோ வோல்டேஜ் என்று ஆதங்கப்படுபவர்கள் உண்டு. உற்பத்தி எவ்வளவு இருந்தாலும் கடைசி அரை கிலோமீட்டர் கம்பி ஒல்லியாக இருந்தால் ஒன்றும் நடக்காது. புது டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு மனுக் கொடுப்பதுதான் அதற்கு வழி.

வளைகுடா நாடுகளிலிருந்து வரும் சாமான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இது அடிக்கடி எழும் சந்தேகம். துபாய் சாமான் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் இங்கே ஓடும். சவூதியில் நெடுங்காலம் 127 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் இருந்தது. அந்தப் பழைய மிக்ஸியை இங்கே எந்த சுவிட்ச் வழியாகப் போட்டாலும் போட்ட நொடியில் புகைதான். தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

லோ வோல்டேஜைவிடப் பொல்லாதது நியூட்ரல் அறுவது. கம்பத்தில் உப்பேறிய நியூட்ரல் இணைப்பு விட்டுப்போனால், வேறு வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் தொடராகக் கோத்துக்கொண்டு 400 வோல்ட்டைப் பங்கு போடும். அதுவும் சமமாக இல்லை. ஒரு வீட்டில் 1000 வாட் ஓடுகிறது, இன்னொன்றில் 100 வாட் மட்டும் என்றால், 100 வாட் வீட்டுக்குத்தான் 360 வோல்ட்டுக்கு மேல் போகும், மற்றதுக்கு 40-கூட இருக்காது. டிவியும் எல்இடி பல்பும் எரிந்துபோவது சிக்கனமாக இருந்த வீட்டில். எம்சிபி இதைத் தடுக்காது, அது மின்னோட்டத்தை மட்டும் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் தடுக்காது, அது மின்கசிவுக்கு. வோல்டேஜை அளந்து, 270-ஐ ஒட்டிப் போனதும் வீட்டையே பிரித்துவிடும் தனி ரிலே ஒன்றைப் போர்டில் வைத்தால்தான் ஆகும். உயர்ந்த வோல்டேஜை அதனாலும் குறைக்க முடியாது. வழியை மறித்துவிடும், இங்கே அதுவே போதும்.

குறை வீட்டுக்குள்ளா வெளியிலா என்று தெரிந்துகொள்ள எலெக்ட்ரீசியனிடம் இரண்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் ஓடும்போது மீட்டர் பக்கத்தில் ஒன்று, அடுப்பு சொருகியிருக்கும் பாயின்ட்டில் ஒன்று. நல்ல வயரிங்கில் இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்தான் வித்தியாசம் வரும். எட்டு, பத்து என்று வந்தால் ஏதோ ஒரு சுவிட்சோ திருகோ உப்பில் போயிருக்கிறது, அதைத் தேடி மாற்றலாம். மீட்டரிலேயே 190 என்றால் சுவிட்சுக்குக் காசு செலவழிக்காமல், அளவையும் நேரத்தையும் எழுதி மின்வாரியத்துக்குப் புகார் கொடுப்பதுதான் வேலை. ஒரு வீட்டில் பல்பு பளிச்சென்று எரிய, பக்கத்து வீட்டில் மங்கினால் மட்டும் அளந்துகொண்டிருக்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள்.